பெயரில் இருக்கும் ஊர்

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் இறங்கியதும் என் போன் இலங்கைக்குப் போய்விட்டது. அந்நாட்டு நிறுவனம் ஒன்று வரவேற்புச் செய்தி அனுப்பி, பேசினால் நிமிடத்துக்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கையும் சொன்னது. பாஸ்போர்ட் கேட்காமல் கடல் தாண்ட இந்தக் கரையில் இன்று மிச்சமிருக்கும் வழி அது ஒன்றுதான். ஆனி மாதக் கடைசி. சோளகக் காற்று மணலை வாரிக் கணுக்காலில் அடித்துக்கொண்டிருந்தது. வேனில் வந்தவர்கள் சிங்கத் தூணுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓர் இசைத்தட்டைக் கேட்க வந்திருந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து கேட்டால் கேட்காதா என்று மனைவி கேட்டாள். கேட்கும். பல தடவை கேட்டும் இருக்கிறேன். ஆனாலும் ஒரு தடவை இந்த மண்ணில் வைத்துக் கேட்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஏன் என்று சொல்லப் போனால் நீளும். நீளட்டும், அதற்குத்தான் பத்திரிகைக்காரர் பக்கம் கொடுத்திருக்கிறார்.

முதல் முயற்சியில் காற்று ஜெயித்தது. இயர்போனுக்குள் தம்புரா இருந்த இடத்தில் 'ஹோ' என்று ஒரு சத்தம்தான் இருந்தது. திரும்பி வந்து பழைய ஊர்ப் பக்கம் இறங்கி, இடிந்த சர்ச்சின் சுவருக்குக் காற்றுப் படாத பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். பவளப் பாறைக் கல்லில் கட்டிய சுவர். அங்கே கேட்டது.

தட்டின் பெயர் 'கச்சேரி'. பாடியவர் ராம்நாட் கிருஷ்ணன். வயலின் வி. தியாகராஜன், மிருதங்கம் டி. ரங்கநாதன், கஞ்சிரா வி. நாகராஜன். அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் வெளியிட்டது. கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்ற சிறு நகரத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1967இல் கிருஷ்ணன் அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போனார். அந்த அமெரிக்க வாசத்தின் வரவு இந்தத் தட்டும், 'வித்வான்' என்ற இன்னோர் இரட்டைத் தட்டும்.

நான்சச் இவற்றை 'எக்ஸ்புளோரர்' என்ற வரிசையில் வெளியிட்டது. புது நிலம் தேடிப் போகிறவர் என்று அதற்குப் பொருள். யார் யாரைத் தேடிப் போனார்கள்? விமானம் ஏறி அந்நிய ஊருக்குப் போனவர் கிருஷ்ணன். கண்டுபிடித்த பெருமை தட்டுக்காரருக்கு. இந்தக் குறையைச் சொல்லிவிட்டு உடனே நன்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்கள் இல்லாவிட்டால் நான் சர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க மாட்டேன். வெஸ்லியனில் இந்திய இசைக்கு வாசல் திறந்தவர் ராபர்ட் பிரவுன். மிருதங்கம் கற்று, மிருதங்கத்தைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு எழுதியவர். ஜாவா தீவின் அரண்மனைக் கமெலான் இசையை அவர் பதிவு செய்து வைத்திருந்தார். அதில் ஒரு துண்டு, 1977இல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றிய தங்கத் தட்டில் போய் இப்போது கோள்களையெல்லாம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியாவிலிருந்து அதில் ஏறியவர் கேசர்பாய் கேர்க்கர். நம் ஆள் தனுஷ்கோடி வரைக்கும் வந்திருக்கிறார், என் சட்டைப் பையில்.

நம் ஆள் என்று சொன்னேன். அவர் பிறந்தது ஆலப்புழையில், 1918இல். குடும்பம் ராமநாதபுரத்துக்கு வந்தது, ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு வாழ்ந்ததும் 1973 ஜனவரியில், 54 வயதில் போய்ச் சேர்ந்ததும் சென்னையின் கதை. ஆனாலும் 'ராம்நாட்' போகவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் ஊரின் முழுப்பெயரைச் சொல்வது கல்யாணப் பத்திரிகையில்தான். மதுரை மாட்டுத்தாவணியில் கண்டக்டர் கூவுவது 'ராம்நாடு, ராம்நாடு' என்று. சங்கீத உலகத்தில் அந்தச் சொல் ஒரு காலத்தில் கஜானா முத்திரை மாதிரி செல்லுபடியானது. பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார், சங்கரசிவ பாகவதர், அவர் தம்பி மிருதங்கம் முருகபூபதி, ஈஸ்வரன், ராகவன், கிருஷ்ணன் என்று எத்தனை ராம்நாட்கள். பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று மிருதங்கத்தில் இரண்டு பெயர் சொன்னால் மூன்றாவதாக முருகபூபதி பெயரைச் சொல்லாமல் பழைய ரசிகர்கள் நிறுத்த மாட்டார்கள். இத்தனை பேரைச் சுமந்த ஊரில் இவர்களில் ஒருவர் பெயரிலாவது தெரு இருக்கிறதா என்று பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

மேல்நாட்டில் பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவரைத் தனி ஜாதியாக வைத்துக் கொண்டாடுகிறார்கள். அவர் கிதாரைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போனால் அந்த மேடைகளைப் பதிவு செய்து ஒரு தட்டாகப் போடுவது அங்கே பழக்கம். பாப் டிலன் 1978இல் தோக்கியோவின் புடோகான் அரங்கில் பாடியதை அப்படித்தான் போட்டார்கள். முதலில் ஜப்பானியர்களுக்கு மட்டும் என்று வெளியிட்டு, அடுத்த வருஷம் உலகத்துக்கும் விற்றார்கள். எல்லோருக்கும் மனப்பாடமான தன் பாட்டுகளையே ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிப் பாடியிருக்கிறார் என்று அப்போது முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை. ஊரில் செய்யத் துணியாததைப் பாடகன் வெளியூரில் செய்து பார்ப்பான்.

எழுதிப் பாடுகிறவருக்கு நம்மிடம் வாக்கேயக்காரர் என்ற சொல் இருக்கிறது. அந்தக் கணக்கில் கிருஷ்ணன் வாக்கேயக்காரர் இல்லை. அவர் பாடியவை தியாகராஜர், தீட்சிதர் என்று பெரியவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனவை. ஆனால் தட்டைக் கடிகாரத்தோடு வைத்துக் கேளுங்கள். கிருதி ஓடுவது எவ்வளவு நேரம்? அதற்கு முன்னால் ஆலாபனை. நடுவில் நிரவல். பின்னால் கல்பனா ஸ்வரம். இவற்றைத் தியாகராஜர் எழுதவில்லை. எந்த ஏட்டிலும் இவை கிடையாது. அந்த நாளில், அந்த அறையில், அந்த மூன்று பக்கவாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு கிருஷ்ணன் அங்கேயே உண்டாக்கியவை அவை. மறுநாள் அதே ராகத்தை எடுத்திருந்தால் வேறு பாதையில் போயிருப்பார். அப்படியானால் அந்தப் பகுதிக்கு அவர்தான் கர்த்தா. எழுதியவரும் அவரே, பாடியவரும் அவரே. எழுதியதை அந்த நொடியிலேயே காற்றுக்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். தட்டு ஒன்றுதான் அதற்குக் கைப்பிரதி. வேறு பிரதி கிடையாது.

இதை எந்தப் பாடகரைப் பற்றியும் சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம். ஆனால் கிருஷ்ணன் பாட்டில் அந்த உண்டாக்கல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடக்கிறது. அவருக்கு அவசரமே இல்லை. ஒரு ஸ்வரத்தில் வந்து நிற்கிறார். அடுத்தது எது என்று நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனாலும் போகமாட்டார். தம்புரா இரண்டு சுற்று சுற்றி வருகிறது. பிறகு நாம் எதிர்பார்த்த இடத்துக்கே, நாம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்து சேர்கிறார். தொண்டையைக் காட்டும் வித்தை அவரிடம் இல்லை. வித்வான்களின் வித்வான் என்று அவரைச் சொல்வார்கள். சென்னையில் அந்தப் பட்டம் ஒருவருக்குக் கிடைத்தால் அவர் கச்சேரியில் முன்வரிசை முழுக்கப் பாடகர்களும் பின்வரிசை முழுக்கக் காலி நாற்காலிகளும் இருக்கும் என்று பொருள்.

அங்கே மிடில்டவுனில் யார் கேட்டார்கள்? பாஷை தெரியாதவர்கள். சாகித்தியத்தின் அர்த்தம் தெரியாது. எந்தச் சங்கதிக்குத் தலையாட்ட வேண்டும் என்பது தெரியாது. துண்டுச் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பி, கடைசிப் பாட்டு இன்னதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தெரியாது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகவும் தெரியாது. இந்த அறியாமை ஒரு பாடகனுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! அதே சமயம் வெள்ளைக்காரன் கேட்டதால்தான் பாட்டு உயர்ந்தது என்று சொல்லவும் நான் தயாரில்லை. அந்த அறையில் உட்கார்ந்து மிருதங்கம் வாசித்த ரங்கநாதன் வீணை தனம்மாளின் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி. பாட்டில் மெதுவைப் பிறந்த வீட்டிலேயே பழகியவர். அவர் பக்கத்தில் இருக்கும்போது கிருஷ்ணனுக்குக் கனெக்டிகட்டும் மயிலாப்பூரும் ஒன்றாகத்தான் பட்டிருக்கும். நமக்கு வாய்த்தது என்னவென்றால், ஒலிவாங்கியைச் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்த ஒருவர், சரியான வருஷத்தில், அங்கே இருந்தார்.

'கச்சேரி' என்ற தலைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று நமக்குத் தெரிந்த கச்சேரியின் கட்டு, அதாவது வர்ணத்தில் தொடங்கி, சின்னதும் பெரியதுமாகக் கிருதிகள் பாடி, ராகம் தானம் பல்லவியைத் தாண்டி, துக்கடாவில் கலைகிற அந்த ஒழுங்கு, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டது என்பார்கள். அரியக்குடி காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம், அந்தக் காலத்து ராமநாதபுரம் ஜில்லா. அவருடைய குரு பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார், ராமநாதபுரம் மன்னர்களான சேதுபதிகளின் சமஸ்தான வித்வான். வர்ணம், கிருதி, ஜாவளி, தில்லானா என்று சொந்தமாக எழுதித் தானே பாடியவர், அசல் வாக்கேயக்காரர். பூச்சியின் குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர். பேகடா ராகத்தில் அவருக்கிருந்த பிடியைப் பார்த்து 'பேகடா' என்றே ரசிகர்கள் பட்டப்பெயர் வைத்த மகான். அரியக்குடி 1967 ஜனவரியில் காலமானார். அவர் போட்ட கட்டு, எங்கள் ஜில்லாவில் முளைத்த சரக்கு, அதே வருஷம் கிருஷ்ணன் தோளில் ஏறி அட்லாண்டிக் தாண்டியது. அட்டையில் 'கச்சேரி' என்று எழுதும்போது நான்சச்காரருக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா? சந்தேகம்தான். ஆனால் அதைவிடப் பொருத்தமான பெயர் வைத்திருக்க முடியாது.

அமெரிக்கா போன சங்கதி ராமநாதபுரத்துக்குப் புதிதில்லை. பாஸ்கர சேதுபதி விவேகானந்தரை 1893இல் சிகாகோ போகத் தூண்டியவர்களில் ஒருவர். சுவாமி திரும்பி வந்தபோது, 1897 ஜனவரி 26ஆம் தேதி, இலங்கையிலிருந்து பாம்பனில்தான் காலை வைத்தார். சிகாகோவில் அவர் பேசியது எழுத்தில் இருக்கிறது. அவர் குரல் இல்லை.

இந்தக் கரையின் கதையே அதுதான். 1914இல் பாம்பன் பாலம் திறந்தார்கள். எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக்கொண்டு போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடித் துறையில் ரயில் நிற்கும். இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கே மறுபடி ரயில், காலையில் கொழும்பு. இர்வின், கோஷன் என்று கப்பல்களுக்குத் துரைமார் பெயர். அரை நூற்றாண்டு இந்த வழியில் எத்தனை தொண்டைகள் கடல் தாண்டியிருக்கும்! யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து நாகஸ்வரக்காரர்களை வரவழைத்து விடிய விடிய வாசிக்கவைத்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து தவில் தட்சிணாமூர்த்தி வந்து, இங்கே தவிலைத் தொட்டவர்கள் எல்லோரையும் வாயடைக்க வைத்தார். நாடகக் கம்பெனிகள் போயின. 1920களில் கே.பி. சுந்தராம்பாள் இலங்கை மேடையில் பாடிக்கொண்டிருக்கையில்தான் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். இரண்டு அசுரக் குரல்கள் ஒரே மேடையில் மோதிய அந்தக் கொழும்பு இரவுகளை யாராவது பதிவு செய்திருந்தால்! கிட்டப்பாவின் குரல் கிராமபோன் தட்டுகளில் நம்மிடம் இருக்கிறது, உண்மை. ஆனால் அந்தத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம், மூன்றரை நிமிஷம். மேடையில் ராத்திரி முழுக்கப் பாடியவர் பதிவுக் கருவிக்கு முன்னால் நின்று, முள் ஓடி முடிவதற்குள் அவசர அவசரமாக முடித்த பாட்டு அது. அவர் 27 வயதில் போய்விட்டார். கிருஷ்ணனுக்குக் கிடைத்த நீண்ட தட்டு அவருக்குக் கிடைக்கவில்லை.

இதே பாதையில் பாட்டோடு போன இன்னொரு கூட்டம் உண்டு. மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, அம்மைக்கும் காலராவுக்கும் பரிசோதித்துப் பிறகு தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட கூலிச் சனம். அவர்கள் பாடியதை யாரும் கச்சேரி என்று சொல்லவில்லை. அவர்களுக்காகப் பாடியவர் ஒருவரைப் பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். மீனாட்சியம்மாள். மலையகத் தொழிற்சங்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யரின் மனைவி. தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் கணவர் பேசுவதற்கு முன்னால் இவர் எழுந்து பாடுவார். பாட்டு இவரே எழுதியது. மெட்டு ஜனங்களுக்குப் பழக்கமானது, சொல் அவர்கள் கஷ்டத்தைப் பற்றியது. இந்தியத் தொழிலாளர்களை நாட்டை விட்டு அனுப்ப வேண்டும் என்ற கூச்சல் இலங்கையில் உரத்து ஒலித்த காலம் அது. 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அந்தப் பாட்டுகளைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டார். எழுதி, பாடி, கடல் கடந்து ஊர் ஊராகப் போன ஒருவரைத் தமிழில் காட்டு என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்த அம்மாளைத்தான் காட்டுவேன். டிலனுக்கு ஒரு தலைமுறை முந்தியவர். கிதார் இல்லை, ஒலிபெருக்கி இருந்ததோ இல்லையோ. கங்காணியின் கண்ணுக்கு முன்னால் நின்று பாடியவர்.

புத்தகம் இருக்கிறது. குரல் இல்லை.

சர்ச் சுவரில் சாய்ந்து இந்த இரண்டு பேரையும் சேர்த்து நினைத்துப் பார்த்தேன். மீனாட்சியம்மாள் பாட்டு காகிதத்தில் தங்கியது, தொண்டை போய்விட்டது. கிருஷ்ணன் ஆலாபனை காகிதத்துக்கு வரவே வராதது, தொண்டை தங்கிவிட்டது. ஒருவேளை அந்த அம்மாள் பாடிய ஒரு கூட்டத்தை, காற்றும் இருமலும் பிள்ளை அழுகையுமாக, ஐந்து நிமிஷம் கேட்க முடிந்தால் மலையக வரலாற்றைப் பற்றி நாம் எழுதுகிற வாக்கியங்களே வேறு மாதிரி இருந்திருக்கும். பாட்டைப் படித்தால் கோரிக்கை தெரிகிறது. அதைச் சொல்லும்போது அவர் கெஞ்சினாரா, சவால் விட்டாரா என்பது தெரியவில்லை.

கிருஷ்ணன் போவதற்கு முந்திய வருஷம், 1966 அக்டோபர் 23ஆம் தேதி, எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். காஞ்சிப் பெரியவர் எழுதிக்கொடுத்த சமாதானப் பாடல், ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த பிரார்த்தனை. அந்தக் கச்சேரித் தட்டு நம் வீடுகளில் பூஜை அறை வரைக்கும் போயிற்று. அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் அது ஒரு தேசம் உலகத்துக்கு விடுத்த செய்தி, எம்.எஸ். தூதராகப் போனார். தூதருக்குத் தடுமாற உரிமை கிடையாது. கிருஷ்ணனை யாரும் தூது அனுப்பவில்லை. செய்தி எதுவும் கையில் இல்லாமல் போனதால் ராகத்தைத் தொட்டு, விட்டு, மறுபடி தொட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் எதை வைத்துக்கொள்வேன் என்பதை வீட்டில் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

தனுஷ்கோடி என்றால் 1964 டிசம்பர் 22 புயல் ராத்திரியைப் பற்றி எழுதியாக வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது போலும். ரயில் மூழ்கியதையும் ஊர் அழிந்ததையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதப் போவதில்லை. என் பாட்டுக் கணக்கில் அந்த ராத்திரி செய்தது ஒன்றுதான்: போட் மெயில் வழியை அறுத்தது. அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து பல வருஷம் போனது, அதுவும் நின்றது. பாட்டு மட்டும் தலைகீழாகத் திரும்பி இந்தப் பக்கம் வர ஆரம்பித்தது. எங்கள் வீட்டு மர்பி ரேடியோவில் திருச்சியைவிட இலங்கை வானொலி துலக்கமாகக் கேட்கும். கடல் தண்ணீர் மேல் மத்திய அலை வழுக்கிக்கொண்டு வரும் என்று பிற்பாடு யாரோ விளக்கினார்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது எல்லோரும் எங்களுக்கு அடுத்த தெருக்காரர்கள் மாதிரி. கிருஷ்ணனை நான் அதில் கேட்டதில்லை. ராமநாதபுரத்தில் பிறந்து வளர்ந்த நான் முதன்முதலில் ராம்நாட் கிருஷ்ணனைக் கேட்டது, அமெரிக்காவிலிருந்து ஒரு நண்பன் பழைய தட்டுக் கடையில் வாங்கி, கணினியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான். அப்போது எனக்கு நாற்பத்தி மூன்று வயது.

தட்டின் முதல் பக்கம் முடிகிற நேரத்தில் வடக்குக் கரையில் கரைவலை ஏறுகிற சத்தம் கேட்டது. சோளக நாளில் தெற்கே ஆண்கடல் குதிக்கும், வடக்கே பெண்கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கும். வலை போடுவது அந்தப் பக்கம்தான். எழுந்து போனேன். இரண்டு வரிசையாகப் பதினைந்து இருபது பேர், பெண்களும் உண்டு, கயிற்றை இடுப்பில் கட்டிய பட்டையில் மாட்டிப் பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த இழுவைக்குப் பாட்டு உண்டு, அம்பா என்பார்கள். ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். எடுத்துக்கொடுப்பவர் கையில் பழைய அடியும் இருக்கும், அந்த நேரத்துக்குத் தோன்றியதும் இருக்கும். சம்மாட்டியைக் கேலி செய்வார், எதிர்வரிசைக்காரனை வம்புக்கு இழுப்பார், மீன் பட வேண்டி மாதாவையும் முருகனையும் ஒரே மூச்சில் கூப்பிடுவார். நிரவல் என்று நாம் பெயர் வைத்திருப்பதற்கும் இதற்கும் என்ன தூரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அன்றைக்கு யாரும் பாடவில்லை. ஒரு பையனின் போனில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதற்கும் இழுவைக்கும் தாளம் சேரவில்லை. மடி கரை ஏறியது. காரலும் நெத்திலியும், நடுவில் இரண்டு சீலா. பங்கு பிரிக்கிறவரை ஒரு பெரியவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் அம்பா பற்றிக் கேட்டேன்.

"முந்தி படிப்போம். இப்ப யாரு படிக்கா? இதுக்கு மேலாம் வாய் வராது, தம்பி."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா அண்ணே?"

"இழுத்தாத்தான் வரும். சும்மா நிண்டா வருமா?"

பிறகு என் காதைப் பார்த்து, "நீங்க என்னத்தக் கேக்குறிய?" என்றார். ஒரு இயர்போனைக் கழற்றிக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். ஆலாபனை நடந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லு இன்னும் வரலியே?"

"வரும்ணே. இது அதுக்கு முன்னாடி."

"ம். இழுக்குறாரு." சிரித்துக்கொண்டே இயர்போனைத் திருப்பிக் கொடுத்தார். "எந்த ஊர்க்காரரு?"

"ராம்நாடு."

"ராம்நாட்ல எங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எந்தத் தெருவில் இருந்தார்கள், எந்தத் திண்ணையில் உட்கார்ந்து சாதகம் செய்தார் என்பதை நான் யாரிடமும் கேட்டு வைத்திருக்கவில்லை. "தெரியலண்ணே" என்றேன். "தெரியாமயா கேட்டுக்கிட்டுத் திரியிறிய?" என்று சொல்லிவிட்டு அவர் மீன் பக்கம் போய்விட்டார். இருட்டுவதற்குள் வெளியாட்கள் கிளம்ப வேண்டும் என்று போலீஸ் வண்டி விசில் ஊதிக்கொண்டு வந்தது.

முகுந்தராயர் சத்திரத்திலோ கம்பிப்பாட்டிலோ, பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ, வலை இழுத்துப் பழகிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் ஓர் உபகாரம் செய்யுங்கள். அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொல்லாதீர்கள், வராது. கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து எதிர்முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். போன் போதும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பதிவு செய்யுங்கள், முடிந்ததும் பாடியவர் பெயரையும் தெருவையும் கேட்டுக் கடைசியில் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.